செக்கில் போட்ட பிள்ளையார் சுழி

என் தாய்மாமன் மேல் நான் செக் மோசடி வழக்குப் போட்டேன். இப்படி ஒரே வரியில் போட்டு உடைத்தால்தான் எனக்குச் சொல்ல வருகிறது. சுற்றி வளைத்து ஆரம்பித்தால் கேட்கிறவர்களின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும், அப்புறம் நான்தான் அவர்களைச் சமாதானப்படுத்த வேண்டும். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் என்றால் காது குத்தும்போது மடியில் உட்கார வைத்துக்கொள்கிறவர், வயசுக்கு வந்தால் குச்சு கட்டுகிறவர், கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுக்கிறவர். கோர்ட்டில் டவாலி மூன்று முறை பேர் சொல்லிக் கூப்பிட்டதும் எதிரிக் கூண்டில் ஏறி நிற்கிறவர் என்று எந்த முறையிலும் இல்லை.

எங்கள் நிலம் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில், கல்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. நாலு ஏக்கர், ஒரு கிணறு. அப்பா போன பிறகு நானும் அம்மாவும்தான் பார்த்துக்கொள்கிறோம். நான் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்க முடியாமல் திரும்பி வந்தவள். என்னை அந்த வீட்டிலிருந்து அழைத்து வந்தவரும் இந்த மாமாதான். என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் பையைத் தூக்கி வண்டியில் வைத்தார், வழியில் உளுந்தூர்பேட்டையில் நிறுத்திப் பரோட்டா வாங்கிக் கொடுத்தார், நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் சாலையில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் வழக்குப் போடுவது கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது இந்த ஒரே தம்பிதான். தியாகதுருகத்தில் அவர்களுடைய பழைய வீட்டை இடித்து மாமா மாடி வீடு கட்டியிருந்தார். ஒவ்வொரு பொங்கலுக்கும் அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு என்று சீர் வந்துவிடும். அங்கிருந்து எது வந்தாலும் அம்மா அதை அப்படியே எடுத்து உள்ளே வைக்க மாட்டாள். சாமி படத்துக்கு முன்னால் வைத்து, மஞ்சள் தொட்டு வைத்து, அதன் பிறகுதான் தொட விடுவாள். ஒரு வருஷம் மிக்சி வந்தது. அதற்கும் மஞ்சள், அதற்கும் குங்குமம். அதில் முதன்முதலாகச் சட்னி அரைத்தபோது ஜாரின் கைப்பிடி வழியாகக் குங்குமம் ஒழுகியது.

மாமாவுக்கு மரவள்ளிக் கிழங்கு வியாபாரம். மேலே கரியாலூர் பக்கத்து மலைக் காடுகளிலும் கீழே எங்களைப் போன்றவர்களிடமும் கிழங்கு எடுத்து, ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு லாரியில் ஏற்றி அனுப்புவார். கிழங்கில் மாவு எத்தனை பாயிண்ட் நிற்கிறது என்று ஆலையில் பார்த்து, அதற்குத் தகுந்த விலை போடுவார்கள். விவசாயி அங்கே போய் நிற்க மாட்டான். வியாபாரி வந்து சொல்கிற பாயிண்டுதான் பாயிண்டு. அதனால்தான் அம்மா, "சொந்தத்துக்கே குடுப்போம், வெளியாளுன்னா வாயில மண்ணப் போட்டுடுவான்" என்பாள். வருஷா வருஷம் மாமாவுக்கே கொடுத்தோம்.

அந்த வருஷமும் நாலு ஏக்கர் கிழங்கையும் பிடுங்கி ஏற்றிக்கொண்டு போனார். ஆலையிலிருந்து பணம் வரவில்லை என்றார். அடுத்த வாரம் என்றார், அதற்கு அடுத்த வாரம் என்றார். கூட்டுறவுச் சங்கத்தில் அம்மாவின் நகை அடமானத்தில் இருந்தது. அதற்கு ஏல நோட்டீஸ் வந்ததும் நான் தியாகதுருகம் போய் மாமாவின் கடை முன்னால் உட்கார்ந்துவிட்டேன். சத்தம் போடவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன். எடை போட வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். மறுநாள் மாமாவே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

வீட்டில் மேசை என்று ஒன்று இல்லை. அரிசி டிரம் மூடி மேல் செக் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவர் நின்றபடி எழுத ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து மும்முனைக் கரண்ட் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் அது எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் எடுக்கிற சோற்றைப் போட்டுவிட்டு மோட்டார் போட ஓட வேண்டும். ஓடினேன். மடை திருப்பிவிட்டுத் திரும்பி வருவதற்குள் மாமா காப்பி குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டிருந்தார். செக் சாமி படத்துக்கு முன்னால் வெற்றிலைத் தட்டில் இருந்தது. என் பெயருக்கு மூன்று லட்சத்து நாற்பதாயிரம். நாலு மூலையிலும் மஞ்சள். மேலே, தொகை எழுதுகிற கட்டத்துக்குச் சற்று மேலாக, பச்சை மையில் பெரிதாக ஒரு 'உ'.

"ஏம்மா, செக்குல எல்லாமா சுழி போடுவாங்க?" என்று கத்தினேன்.

"பொறந்த வூட்லருந்து வந்துக்குது. வெறுமன எப்படி எடுத்துக்கினு போவ?" என்றாள். அன்று அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். அவளுக்கு அது செக் இல்லை, பொங்கலுக்கு முன்னாலேயே வந்துவிட்ட சீர்.

கள்ளக்குறிச்சியில் வங்கிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் செக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னாங்க இது, கல்யாணப் பத்திரிகையா?" என்றாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இந்த விஷயத்தில் நான் சிரித்தது அதுதான் கடைசி. அவள் மஞ்சளைத் துணியால் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். சில நாளில் செக் திரும்பி வந்தது, போதிய பணம் இல்லை என்ற சீட்டோடு. செக் திரும்பியதற்கு என் கணக்கிலிருந்து கட்டணம் பிடித்துக்கொண்டார்கள். அவருடைய கணக்கில் பணம் இல்லாததற்கு என் கணக்கில் அபராதம். மாமாவிடம் சொன்னேன். "இன்னொரு தபா போடு பாப்பா" என்றார். இன்னொரு தபா போட்டேன். இன்னொரு தபா திரும்பியது, இன்னொரு கட்டணம் பிடித்தார்கள். அதன் பிறகு அவர் என் போனை எடுக்கவில்லை.

கோர்ட்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடைக்கு மேல் இருந்த ஒரு வக்கீலிடம் போனேன். என்னைவிட வயதில் சின்னவர். எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டே வந்தவர், "எதிரி உங்களுக்கு இன்னா வேணும்?" என்றார்.

"தாய்மாமன்."

பேனாவைக் கீழே வைத்தார். "பேசிப் பாத்தீங்களா?"

இதைக் கேட்காதவர்களே இல்லை. பேசிப் பார்க்காமல் யாராவது நேராக வக்கீல் வீட்டுப் படி ஏறுவார்களா? அதை அவரிடமே கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளாமல் விளக்கினார். செக் திரும்பின முப்பது நாளுக்குள் நோட்டீஸ் விட வேண்டும். பணம் கட்ட எதிரிக்குப் பதினைந்து நாள் அவகாசம். கட்டாவிட்டால் ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். "பேருக்குத்தான் இது கிரிமினல் கேசு. ஜெயிலு உங்களுக்கு எதுக்கு? நட்ட ஈடுதான் நமக்கு வேணும். செக்குத் தொகைல ரெண்டு மடங்கு வரைக்கும் கோர்ட்டு போடலாம்" என்றார். பிறகு செக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது இன்னா 'உ'?"

"அம்மா போட்டது."

செக்கை மேசைமேல் வைத்தார். "சரி, பாத்துக்கலாம்" என்றார். வக்கீலும் டாக்டரும் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அம்மாவிடம் நோட்டீஸ் விடப்போவதைச் சொன்னேன். போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கட்டு முழுவதும் ஆய்ந்து முடித்ததும், "அதுல அவன் பேருக்கு முன்னால 'திரு' போட்டுக்குறாங்களா?" என்றாள். போட்டிருக்கிறார்கள் என்றேன். "அப்ப சரி" என்றாள்.

பதில் நோட்டீஸ் வந்தது. அந்தச் செக், என் அப்பா உயிரோடு இருந்த காலத்தில் ஒரு கைமாற்றுக்கு ஈடாக மாமா கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த வெற்றுச் செக் என்றும், தாயும் மகளும் கூட்டுச் சேர்ந்து பெயரையும் தொகையையும் தாங்களே எழுதிக்கொண்டார்கள் என்றும், வேறு மையில் ஓர் எழுத்து இருப்பதே அதற்கு அத்தாட்சி என்றும் இருந்தது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டாள்.

"இத அவன் சொன்னானா, வக்கீலு எழுதிக்கினாரா?"

"சொல்லாம வக்கீல் எழுதுவாரா?"

"கீழ கையெழுத்து யாருது?"

"வக்கீலுது."

"அதான பாத்தேன்" என்றாள். கோர்ட்டு வாசல் மிதிக்கிற நாள் வரைக்கும் அதையே பிடித்துக்கொண்டிருந்தாள். தம்பி சொல்லவில்லை, வக்கீல் எழுதியது.

பிறகு வாய்தா. வழக்கு என்றால் என்னவென்று கேட்டால் எனக்கு வாய்தாதான் நினைவுக்கு வருகிறது. நீதிபதி விடுப்பு, வாய்தா. வக்கீல்கள் புறக்கணிப்பு, வாய்தா. எதிரிக்கு உடம்பு சரியில்லை, வாய்தா. நான் வாசலுக்கு இந்தப் பக்கத்து பெஞ்சில் உட்காருவேன், மாமா அந்தப் பக்கத்து பெஞ்சில். முதல் வாய்தா அன்று டீக்கடைக்காரர் ஒரு டீயைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். "அவரு குடுக்கச் சொன்னாரு" என்று மாமாவைக் காட்டினார். பழக்க தோஷத்தில் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. குடித்தேன். அடுத்த வாய்தாவில் அது வரவில்லை.

கோபமெல்லாம் ஆரம்பத்திலேயே தீர்ந்துவிட்டது. துக்கமாவது வரும் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போடுவார்களே, அதன் பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருந்தேன். தொட்டால் தெரிகிறது, ஆனால் என்னுடையது இல்லை. சங்கத்தில் நகை ஏலத்துக்குப் போனது. அம்மாவுக்கு அவளுடைய அம்மா போட்ட நகை அது. ஏலத்துக்குப் போய்விட்டது என்று வந்து சொன்னேன். "தண்ணி குடி மொதல்ல" என்றாள். குடித்தேன். இரண்டு பொங்கல் சீர் இல்லாமல் போனது. இரண்டு பொங்கலுக்கும் அம்மா வாசலைக் காலையில் ஒரு முறையும் மத்தியானத்துக்கு மேல் ஒரு முறையும் பெருக்கினாள்.

என்னைக் குறுக்கு விசாரணை செய்தபோது மாமாவின் வக்கீல் அதிகம் கேட்கவில்லை. வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். செக் எழுதும்போது நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களா என்றார். மோட்டார் போடப் போனேன் என்றேன். இந்த 'உ' எழுதும்போது? அப்போதும் கிணற்றடியில் இருந்தேன். "அப்போ எதையுமே நீங்க நேர்ல பாக்கல" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கேட்கிற அளவுக்கு என் வக்கீல் பெருமூச்சு விட்டார். வெளியே வந்ததும் சொன்னார்: "அம்மாவக் கூண்டுல ஏத்தியே ஆகணும். பாத்தது அவங்க மட்டும்தான். அவங்க வரலன்னா அவங்க போட்ட சுழியாலயே கேசு போயிடும்."

அம்மாவிடம் சொன்னேன். "எப்ப வரணும்?" என்று மட்டும் கேட்டாள்.

சாட்சிக்கு இரண்டு நாள் முன்னால், காலையில், அம்மாவின் போன் அடித்தது. அவளுக்கு ஸ்பீக்கரை நிறுத்தத் தெரியாது, எப்போதும் ஊருக்கே கேட்கப் பேசுவாள். மாமாவின் குரல்.

"அக்கா, நல்லா கீறியா?"

இவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்தக் குரல் வந்ததும் அம்மா எழுந்து நின்றுவிட்டாள். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "சாப்டியா தம்பி?" என்றாள்.

"ஆச்சி. கோர்ட்டுக்கு வரியாமே. வராதன்னு சொல்லல, வா. நெனப்பு இல்லன்னு மட்டும் சொல்லிடு. அது ஒண்ணும் பொய் இல்ல, வயசாச்சின்னா மறந்துதான் போவும். கேசு தள்ளுபடி ஆனதும் பாப்பாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமா நானே குடுத்துடறேன். பொங்கலுக்கு வரேன்."

"சரி தம்பி. நேரத்துக்கு சாப்புடு" என்றாள்.

நான் அடுப்பங்கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன் என்று அவளுக்குத் தெரியும். என்ன சொல்லப்போகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஒன்று நான் கெஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் அவள் கெஞ்ச வேண்டும். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தம்பி திரும்பி வந்துவிடுவார். அதைச் சொல்லாவிட்டால் அவளுக்குப் பிறந்த வீடு இல்லை. எனக்குக் கிழங்குப் பணம், அவளுக்குத் தம்பி. நான் அவளாக இருந்தால் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

சாட்சி நாளன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அம்மா நல்ல புடவை கட்டி, திருநீறு பூசிக்கொண்டு வந்தாள். கோர்ட்டில் மாமாவைப் பார்த்ததும் எழுந்து போய்ப் பேசப் பார்த்தாள், வக்கீல் கையைப் பிடித்து உட்கார வைத்தார். கூண்டில் ஏறும்போது செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். போட்டுக்கொள்ளலாம் என்று டவாலி சொன்னதற்கு, "இருக்கட்டுங்க" என்றாள். கோயிலுக்கும் கோர்ட்டுக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கடவுள் அறிய நான் சொல்வதெல்லாம் உண்மை என்பதை எழுத்துக் கூட்டுவதுபோலச் சொன்னாள்.

எங்கள் வக்கீல் கேட்டதற்கு எல்லாம் ஆமாங்க, இல்லைங்க என்பதோடு நிறுத்திக்கொண்டாள். செக் யார் எழுதியது என்று கேட்டபோது, "வந்திருந்தான், எழுதினான்னு நெனைக்கிறேங்க" என்று இழுத்தாள். சரி, முடிந்தது என்று எனக்குத் தோன்றியது. அப்போதும் கோபம் வரவில்லை. மாமாவின் வக்கீல் எழுந்தார். செக்கை அவளிடம் காட்டினார்.

"இதுல பச்சை மையில ஒரு எழுத்து இருக்கே, இது யார் எழுதினது?"

"நாந்தாங்க."

"இது தமிழ் எண் ரெண்டு. பழைய பத்திரத்துல எல்லாம் ரெண்டை இப்படித்தான் போடுவாங்க. தொகையை மாத்திக் காட்டறதுக்காக இதை எழுதினீங்கன்னு சொல்றேன்."

அம்மாவுக்குப் புரியவில்லை. நீதிபதியம்மா நிதானமாக விளக்கினார். அம்மா செக்கை வாங்கிக் கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"ரெண்டா? ரெண்டு இப்படியாங்க இருக்கும்? புள்ளையார் சுழிங்க இது. இன்னாங்க, புள்ளையார் சுழி தெரியாதா?"

யாரோ சிரித்தார்கள். "செக்குல எதுக்கும்மா புள்ளையார் சுழி?" என்றார் வக்கீல்.

"என் தம்பி குடுத்ததாச்சிங்களே. பொறந்த வூட்லருந்து எது வந்தாலும் சுழி போட்டு, மஞ்ச வச்சித்தான் எடுத்து வைப்பேன். மிக்சி வாங்கிக் குடுத்தான், அதுக்கும் வச்சேன்."

அந்த இடத்தில் அவர் உட்கார்ந்திருக்கலாம். ஒரு கேள்வி ஜாஸ்தி கேட்டுவிட்டார். "அதாவது அந்தச் சுழி மட்டும் இல்ல, பேரு, தொகை எல்லாமே நீங்க வீட்ல வச்சி எழுதினதுதான்?"

"அய்யோ, இல்லைங்க. எனக்கு அவ்ளோ எழுதத் தெரியாது. அதெல்லாம் அவன் எழுதினது. அரிசி டிரம்மு மூடி மேல வச்சி எழுதினான். நா குடுத்த பச்ச பேனா நல்லா இல்லன்னு அவன் சட்டப் பேனாவ எடுத்து எழுதினான். எழுதிட்டு எனக்குப் படிச்சிம் காட்டினான்." கை நீட்டி மாமாவைக் காட்டினாள். "நீதான தம்பி படிச்ச?"

மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாட்சி எதிரியோடு பேசக் கூடாது என்றார் நீதிபதியம்மா. "சரிங்க" என்று அம்மா கையைக் கீழே போட்டுக்கொண்டாள். என்ன சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பஸ்ஸில் வரும்போது அவளே சொன்னாள். "நெனப்பு இல்லன்னு சொல்லலாம்னுதான் வந்தேன் பாப்பா. உங்கிட்ட மறைக்கறதுக்கு இன்னா இருக்குது. சுழின்னு பேச்சு வந்ததும் வாய் அதுபாட்டுக்குப் போயிடுச்சி."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். டிக்கெட்டை மடித்து மடித்துச் சின்னதாக ஆக்கிக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. தீர்ப்பு எந்தப் பக்கம் போகும் என்று மாமாவின் வக்கீலுக்குத் தெரிந்துவிட்டது. மக்கள் நீதிமன்றத்தில் வைத்துப் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று அவர்களே சொல்லி அனுப்பினார்கள். செக்குத் தொகை, வட்டி, செலவு, அதற்கு மேல் நட்ட ஈடு என்று எங்கள் வக்கீல் ஒரு கணக்குச் சொன்னார். தியாகதுருகத்தில் மாமா ஒரு மனையை விற்றுவிட்டார் என்று காதில் விழுந்தது. அன்று அம்மாவும் கூட வருகிறேன் என்றாள். வர வேண்டியதில்லை என்று சொல்லியும் கேட்கவில்லை. அவனைப் பார்த்து நாளாச்சி என்றாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த நீதிபதி இரண்டு தரப்பையும் பார்த்தார். "ரத்த சொந்தம். நட்ட ஈட்டுல மட்டும் கொஞ்சம் கொறச்சிக்கக் கூடாதாம்மா?" என்று என்னிடம் கேட்டார். நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

"வேணாங்க" என்றார் மாமா. "ஒரு ரூபா கம்மி பண்ண வேணாம். அவங்க கேட்டத முழுசா குடுத்துடறேன். பாக்கி வச்சிக்க எனக்கு இஷ்டம் இல்ல."

நான் பிறந்ததிலிருந்து அவர் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அன்றுதான் 'அவங்க' ஆனேன். வங்கி வரைவோலையை எடுத்து மேசைமேல் வைத்தார். இந்தமுறை நான் தேதியையும் பெயரையும் தொகையையும் இரண்டு முறை சரிபார்த்தேன். காட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். பெற்றுக்கொண்டதற்குச் சாட்சியாக அம்மாவையும் போடச் சொன்னார்கள். ஒவ்வோர் எழுத்தாகப் போட்டாள். எனக்கு வர வேண்டியது எல்லாம் வந்துவிட்டது, வர வேண்டியதற்கு மேலேயே வந்துவிட்டது. சந்தோஷமா என்று வக்கீல் கேட்டார். பசிக்கிறது என்றேன்.

வெளியே இருசக்கர வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் மாமா நின்றுகொண்டிருந்தார். "அக்கா" என்று கூப்பிட்டார். அம்மா என்னை விட்டுவிட்டு ஏறக்குறைய ஓடினாள். அவர் வண்டியில் மாட்டியிருந்த ஒரு ஜவுளிக்கடைப் பையை எடுத்து அவளிடம் கொடுத்தார். இரண்டு கையாலும் வாங்கினாள். உள்ளே ஒரு புடவை, ஊதா நிறம், நல்ல விலை இருக்கும். அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"எனக்கா தம்பி?"

"ஒனக்குதான். கோடி."

பெண் செத்துப் போனால் பிறந்த வீட்டிலிருந்து வந்து உடம்பின் மேல் போர்த்துகிற கடைசித் துணிதான் கோடி. அதை உயிரோடு நிற்கிறவள் கையில் கொடுத்து நான் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதும் இல்லை.

"நாளைக்கு ஒண்ணுன்னா நா வர மாட்டேன். தம்பி இருந்தும் கோடி வரலன்னு ஊர்ல ஒருத்தன் பேசிடக் கூடாது, அதான் இப்பவே குடுத்துட்டேன். இதோட எல்லாம் நேராயிடுச்சி" என்றார். குரலை உயர்த்தவில்லை. மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர்போல ஒரே மூச்சில் சொன்னார்.

அப்போது எனக்குக் கோபம் வந்தது. எத்தனையோ நாள் காணாமல் போயிருந்த கோபம், பல்லைக் கடிக்கிற கோபம். வரைவோலையைக் கிழித்து அவர் முகத்தில் எறிய வேண்டும்போல் இருந்தது. எறியவில்லை. அது கைப்பையில் பத்திரமாக இருந்தது.

அம்மா புடவையை மடிப்புக் கலையாமல் பையில் திரும்ப வைத்தாள்.

"இதுக்கும் நா கையெழுத்துப் போடணுமா தம்பி?" என்றாள்.

குத்திக் காட்டினாளா, உள்ளே எல்லாவற்றுக்கும் கையெழுத்து வாங்கினார்களே என்று நிஜமாகவே கேட்டாளா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவளிடம் கேட்கவும் இல்லை. மாமா தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

அந்தப் பணத்தில் கிணற்றை ஆழப்படுத்தினேன். இப்போது மக்காச்சோளம் போடுகிறோம், வியாபாரி அன்றன்றைக்கே பணம் போட்டுவிடுகிறார். அம்மா வேலைக்கு வருகிறாள், சாப்பிடுகிறாள், சீரியல் பார்க்கிறாள். தம்பியைப் பற்றி எதுவும் பேசுவதில்லை. போன வாரம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் நின்றாள்.

"பாப்பா, அந்தப் பொடவய பீரோவுல மேல் தட்டுல, போர்வைக்கு அடில வச்சிக்கிறேன். அன்னிக்கு எங்க எங்கன்னு தேடிக்கினு நிக்காத."

சரி என்றேன்.